செல்லாக்காசைச் செல்லவைக்கும் பொத்தான்

போன வாரம் ஒரு கருவியின் தமிழ் இடைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஜேசன் கோப்பு ஒன்றில் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதிவைக்கும் ஒரு முறை அது), வயது என்ற இடத்தில் எண்ணைப் போடாமல் மேற்கோள் குறிக்குள் 'முப்பது' என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான் தவறு. சிவப்புக் கட்டத்தில் செய்தி வந்தது: 'திட்டம் செல்லுபடியாக்கல் தோல்வியடைந்தது.' வேலைக்குப் புதிதாக வந்தவர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ, எந்தத் திட்டம்ங்க தோல்வி?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

மூலச் செய்தியில் இருந்தவை ஸ்கீமா, வேலிடேஷன் என்ற இரண்டு சொற்கள். ஸ்கீமா கிரேக்கச் சொல். வடிவம், உருவம் என்று பொருள். 'பிடித்திரு, கொண்டிரு' என்ற வினையிலிருந்து வந்தது. கணினித் துறையில் முதலில் தரவுத்தளக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் எக்ஸ்எம்எல் (அதுவும் தரவை எழுதிவைக்கும் ஒரு முறைதான்), இப்போது ஜேசன். வேலிடேஷனின் வேர் இலத்தீன். வலிமையுள்ளது என்று பொருள். ஆங்கிலத்தில் அதன் பழைய பயன்பாடு, ஓர் ஆவணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்குவது. செல்லத்தக்கதா என்று சோதிப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். சிக்கலே இங்கேதான். மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார்.

நிரலில் நடப்பது என்ன? இந்தக் கோப்பில் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், வயது முழு எண்ணாக இருக்க வேண்டும், 0-க்குக் குறையக் கூடாது, நிலை என்பது இந்த மூன்று சொற்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பு எழுதி வைக்கிறோம். அதுதான் ஸ்கீமா. ஒரு நிரல் தரவை அதனோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதா இல்லையா, இல்லையென்றால் எந்த இடத்தில் என்று சொல்கிறது. தரவைத் தொடுவதே இல்லை.

இதைப் போய் 'செல்லுபடியாக்கு' என்றால்? ஆகு தன்வினை, ஆக்கு பிறவினை. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சீட்டு செல்லுபடியாகும் என்றால் அது தானாகச் செல்லும். செல்லுபடியாக்கு என்றால் செல்லாததைச் செல்லவைக்க வேண்டும். செல்லாக்காசைச் செல்லவைப்பதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது, அது குற்றம். அந்தப் பொத்தானை அழுத்துபவர், தன் கோப்பிலுள்ள தவறுகளையெல்லாம் கருவியே திருத்திவிடும் என்று நம்பினால் தவறு அவருடையதல்ல.

சில கருவிகள் உண்மையிலேயே தரவை மாற்றுகின்றனவே என்று கேட்கலாம். சரி, பைதான் நிரல்மொழியில் பலரும் பயன்படுத்தும் பைடான்டிக் என்ற கருவி, மேற்கோள் குறிக்குள் இருக்கும் 30-ஐ வாங்கி எண்ணாகவே மாற்றிக் கொடுக்கும். அதன் இயல்பே அது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே வேலைக்கு இருக்கும் ஏஜேவி, நாம் கேட்டால் மட்டும் அப்படிச் செய்யும், கேட்காவிட்டால் பிழை காட்டும். ஆனால் அது வகைமாற்றம், தனி வேலை. கூடவே நடப்பதால் அதன் பெயரை இதற்கு வைத்துவிட முடியாது.

'சரிபார்ப்பு' என்று போட்டால் போதுமே என்பது அடுத்த கட்சி. இது அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஏமாற்றும். சரிபார்த்தாயிற்று என்றால் உள்ளே இருப்பது சரி என்று பொருள்படும். ஸ்கீமாவுக்கு அதெல்லாம் தெரியாது. பிறந்த தேதி இருக்க வேண்டிய அமைப்பில் இருந்தால் போதும், அது பக்கத்து வீட்டுக்காரருடைய தேதியாக இருந்தாலும் விட்டுவிடும். உச்ச வரம்பு எழுதாவிட்டால் வயது 214-க்கும் தலையாட்டும். இன்னொன்று: ஜேசன் ஸ்கீமா என்று, ஜேசன் கோப்புக்கு விதி எழுதும் முறையை வரையறுக்கும் தரநிலை ஒன்று உண்டு. அதன் 2019-09 பதிப்பிலிருந்து, மின்னஞ்சல் முகவரி என்று வடிவத்தைக் குறித்து வைத்தாலும், இயல்பு நிலையில் அது வெறும் குறிப்புதான். நாமாகச் சொல்லி முடுக்காவிட்டால், அந்த இடத்தில் குப்பையைப் போட்டாலும் கோப்பு தேறிவிடும். பயனருக்கோ 'மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டுகிறோம். போதாததற்கு எழுத்துப்பிழை பார்ப்பது, கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை உறுதிசெய்வது, கணக்கை ஒப்பிடுவது எல்லாவற்றுக்கும் இதே சரிபார்ப்புதான். ஒரு சொல்லை எத்தனை நுகத்தடியில் பூட்டுவது?

(மென்பொருள் பொறியியல் பாடத்தில் வெரிஃபிகேஷன், வேலிடேஷன் என்று ஓர் இரட்டையர் உண்டு. அங்கே வேலிடேஷன் என்பது, பயனருக்கு வேண்டியதைத்தான் கட்டியிருக்கிறோமா என்ற கேள்வி. நம்முடைய வேலிடேஷன் அது இல்லை. ஆங்கிலமும் ஒழுங்காக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

'திட்டம்' பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஸ்கீம், ஸ்கீமா இரண்டும் அகரவரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன, யாரோ ஒரு வரி தவறிவிட்டார்கள். 'தரவுத்தளத் திட்டம்' என்று படித்தால், தரவுத்தளம் அமைக்க யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஸ்கீமாவுக்கு எனக்குப் பிடித்த சொல் கட்டளை. செங்கல் அச்சுக்கும் அளவுக்கும் கட்டளை என்று பெயர் இருந்திருக்கிறது. 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறது குறள். அங்கே கட்டளைக்கல் என்பது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். அந்தக் கல் பித்தளையைப் பொன்னாக்குவதில்லை, இது பித்தளை என்று சொல்வதோடு சரி. வேலிடேஷனுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையையும் பாருங்கள்: ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. இப்படி இருந்தால் அப்படி என்ற நிபந்தனை விதி ஜேசன் ஸ்கீமாவில் ஏழாம் வரைவில்தான் வந்தது! ஆனால் என்ன செய்ய, கணினித் தமிழில் கட்டளை ஏற்கெனவே கமாண்டுக்குப் போய்விட்டது. திரும்ப வாங்க முடியாது.

அதனால் யாப்பு என்கிறேன். யாத்தல் என்றால் கட்டுதல். இலங்கையில் ஒரு சங்கத்தின் விதித்தொகுப்பை இன்றும் யாப்பு என்றே சொல்கிறார்கள், ஆகவே செய்யுளுக்கு மட்டும் உரியது என்ற வாதம் நிற்காது. எக்ஸ்எம்எல்லில் ஒழுங்காக எழுதப்பட்டது வேறு, ஸ்கீமாவுக்கு உட்பட்டது வேறு. பலர் குழம்பும் இடம் அது. தமிழில் சொன்னால் உடனே விளங்கும்: பிழையில்லாத வாக்கியமெல்லாம் வெண்பா ஆகிவிடாது. வேலிடேஷன் என்பது யாப்புச் சோதனை. தேறினால் 'செல்லும்', தேறாவிட்டால் 'செல்லாது'. செல்லுபடியை இப்படி வினைமுற்றாக வைத்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. செய்யுளில் யாப்பு பிசகினால் தளை தட்டுகிறது என்பார்கள். அலுவலகப் பேச்சில் 'கோப்பு தளை தட்டுது' என்று சொல்லிப் பார்த்தேன், மரபுக்கவிதை பக்கமே போகாதவர்களும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களின் கஷ்டமும் தெரியும். விரிதாளில் தனித்தனிச் சொற்களாக வரும், எது பொத்தான், எது செய்தி என்றுகூட யாரும் சொல்வதில்லை. ஆனாலும் முடித்தபின் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே. 'தோல்வியடைந்தது' என்று ஒரு கோப்பைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்க வேண்டாமா? எனக்கு வந்த செய்தி இப்படி இருந்திருக்கலாம்: 'யாப்புக்குப் பொருந்தவில்லை. வயது எண்ணாக இருக்க வேண்டும்.' யாப்பு பிடிக்காதவர்கள் ஸ்கீமா என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டுப் போகட்டும், திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.