மாட்டியவரே எடுக்க வேண்டிய பூட்டு

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சார் போன மாதம் காலமானார். ராணுவத்தில் இருந்து வந்து தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர். அதிலும் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மரப்பட்டறை போட்டுக்கொண்டு நாற்காலி, அலமாரி, பேரப்பிள்ளைகளுக்கு வண்டி என்று கடைசிவரை எதையாவது செய்துகொண்டே இருந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதுகாப்பைப் பற்றித்தான் எழுத வருகிறது.

ராணுவத்தில் துப்பாக்கியைக் கைமாற்றும்போது, கொடுப்பவர் 'காலி' என்று சொன்னாலும் வாங்குபவர் தன் கண்ணால் திறந்து பார்த்தாக வேண்டும் என்பார். அதே பழக்கத்தை இயந்திரங்களுக்கும் கொண்டுவந்தார். பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டுகிறோம் இல்லையா, லாக்அவுட், பலர் அதோடு வேலை முடிந்தது என்று கை வைத்துவிடுகிறார்கள். சார் விடமாட்டார். சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அப்படி அழுத்தினேன், கன்வேயர் ஓடியது. நாங்கள் பூட்டியிருந்தது பக்கத்து இயந்திரத்தின் பிரேக்கரை. அவர் திட்டவே இல்லை, 'இப்ப தெரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்டார். மின்சாரம் போனாலும் காற்றழுத்தம் குழாயில் நிற்கும், தூக்கிய பாரம் அப்படியே தொங்கும், அதையும் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வேலையிடத்தில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவர்கள் வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஹெல்மெட் இல்லாமல் தொழிற்சாலைக்குள் நுழையாத ஆள், வீட்டில் இரும்பு அறுக்கும் கை கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாட்டுகிறார். அந்த வேகத்துக்குச் செய்யப்படாத டிஸ்க் வெடித்தால் துண்டுகள் நேராக முகத்துக்குத்தான் வரும்.

சாருக்கு இடது காது சரியாகக் கேட்காது. வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்குத் துப்பாக்கி முனையின் பக்கம் இருப்பது இடது காது, அதுதான் அதிகம் அடி வாங்கும். உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அப்படியே ஏறிப்போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். மரம் அறுக்கும் வட்ட ரம்பம் சாதாரணமாக அந்த அளவுக்குச் சத்தம் போடும். அதனால் ஒரே ஒரு பலகை அறுப்பதாக இருந்தாலும் காதில் அடைப்பான் இல்லாமல் அவர் ரம்பத்தை ஓட்டியதில்லை. ஆனால் கையுறையைக் கழற்றிவிடுவார், சுழலும் பிளேடு துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெயால் மரத்துக்கு மெருகு போட்டு, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது பலருக்கும் பழக்கம். அந்த எண்ணெய் காய்வதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான், அப்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்து, மடிப்பு இல்லாமல், வெளியே காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பட்டறையை ஒழுங்குபடுத்த என்னைக் கூப்பிட்டார்கள். கொடியில் இரண்டு துணிகள் விரித்தபடியே விறைத்துக் கிடந்தன. ரம்பத்தின் பிளக் ஒரு சிறு பெட்டிக்குள், பூட்டோடு, அவர் பெயர் எழுதிய அட்டையோடு. பேரப்பிள்ளைகள் உள்ளே வருவார்கள் என்று போட்ட பூட்டு. மாட்டியவர்தான் எடுக்க வேண்டும், அவர் இல்லையென்றால் பொறுப்பில் இருப்பவர் எல்லாவற்றையும் சரிபார்த்து அனுமதி தர வேண்டும், அதுதான் முறை. சாரின் மனைவியிடம் கேட்டேன். அவர் ரம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார், பிளேடைப் பார்த்தார், ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு சாவியை என் கையில் கொடுத்தார்.