சாக்கில் வந்த 'டைனோசர் முட்டை'

போன மாதம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். டிவிஎஸ் ஃபிப்டியின் முன்னால் சிமெண்ட் சாக்கு, அதற்குள் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டைக் கல். "கிணத்த ஆழப்படுத்தறப்ப வந்துச்சு சார். பேரன் போன்ல பாத்துட்டு டைனோசர் முட்டைன்றான்."

போர் பாயிண்ட் பார்த்துச் சொல்லும் புவியியலாளன் நான். வருடத்துக்கு இரண்டு மூன்று 'முட்டை'யாவது என் மேசைக்கு வந்துவிடும். சுத்தியலால் ஓரத்தைத் தட்டினேன். துருநிறத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு பொருக்கு உரிந்தது. அதற்கடியில் இன்னொன்று. நடுவில் கெட்டியான கருங்கல். டோலரைட் என்ற அந்தக் கரும்பாறையின் விரிசல்களில் தண்ணீர் இறங்கி, மூலைகளை முதலில் தின்று, கல்லை இப்படி உருட்டிவிடும். முட்டை ஓடு இப்படி அடுக்கடுக்காக உரியாது; சில மில்லிமீட்டர் கனம்தான், லென்ஸில் பார்த்தால் நுண்துளைகள் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகள் பெரும்பாலும் சுமார் 250 கோடி வருடப் பழசு, அதுவும் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. டைனோசர்கள் தலைகாட்டியதே 23 கோடி வருடங்களுக்கு முன்புதான்.

எலும்பு கல்லாக வேண்டுமானால் வண்டலில் புதைய வேண்டும். அந்த வண்டல் பாறை மேலே தெரிய, மண்ணும் புல்லும் மூடாத பாலைவனம் வசதி. காற்றும் எப்போதாவது பெய்யும் மழையும் அரிக்க அரிக்க எலும்பு வெளியே வரும். தார் பாலைவனத்து ஜெய்சல்மேரில் கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் 2023-இல் தாரோசாரஸ் இண்டிகஸ் என்ற புது டைனோசர் இனத்தை அறிவித்தார்கள், 16.7 கோடி வருடப் பழமை. அடுத்த வருடம் வாசுகி இண்டிகஸ் என்ற அழிந்துபோன பாம்பை அறிவித்தார்கள், 11 முதல் 15 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அதன் முதுகெலும்புகள் குஜராத்தின் கச்சில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2005-லேயே கிடைத்துவிட்டன. ஏதோ முதலை என்று நினைத்து வைத்திருந்தார்களாம்!

நம் பக்கத்துக் கதைதான் வயிற்றெரிச்சல். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்து போய்விட்டன. மிச்சம் படங்களும் குறிப்புகளும்தான். வெளியே எடுத்த எலும்பு அவ்வளவு சீக்கிரம் உதிரும். அதனால்தான் சாக்குத்துணியைப் பாரிஸ் சாந்தில் நனைத்து, முறிந்த காலுக்குக் கட்டுவது போலச் சுற்றி எடுப்பார்கள்.

சரி, நம் நிலத்தில் எலும்பே கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் மனிதருடையதாக இருக்கலாம். கிருஷ்ணகிரி மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் மாதிரி, பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள் இங்கே ஏராளம். ஏர் ஓட்டும்போது கருப்பு சிவப்புப் பானை ஓடும் எலும்பும் சேர்ந்து தட்டினால் ஏரை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், பிடுங்காதீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, மண்ணால் மூடிவிட்டு விஏஓவிடம் சொல்லுங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது காலத்தைக் கணிக்க முக்கியமான தடயம். மேசைக்கு வந்துவிட்டால் எனக்கும் அது வெறும் எலும்புதான்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கல்லைத் திரும்பச் சாக்கில் கட்டினார். "இங்கயே விட்டுட்டுப் போங்களேன், வீணா ஏன் சுமக்கணும்?" என்றேன்.

"பேரன் கேப்பானே சார்."

உரிந்த பொருக்கையும் மறக்காமல் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.