மானியத்தை நம்பி ஆள் எடுக்கலாமா?

"அரசாங்கம் ஆளுக்கு மூவாயிரம் குடுக்குதாமே தம்பி, இன்னும் நாலு பொண்ணுகளச் சேர்த்துக்கிடவா?" என்றார் காரைக்குடியில் பலகாரத் தொழில் நடத்தும் ஆச்சி. சீப்புச்சீடை, மணகோலம் எல்லாம் சுட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவில் 23 பேர். கணக்கு பார்க்கும் எனக்கு இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது.

அவர் சொன்னது பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 1.8.2025 முதல் 31.7.2027 வரை சேர்க்கும் கூடுதல் ஆட்களுக்கு, இரண்டு ஆண்டு மாதாமாதம் கணக்கிட்டு முதலாளிக்குப் பணம். உற்பத்தித் தொழில் என்றால் நான்கு ஆண்டு. ஆனால் 3,000 கிடைக்க பி.எஃப். சம்பளம், அதாவது பி.எஃப். பிடிக்கக் கணக்கில் எடுக்கும் சம்பளம், 20,000-ஐத் தாண்ட வேண்டும். 10,000-க்கு மேல் 20,000 வரை 2,000. அதற்கும் கீழே போனால் அதிகபட்சம் 1,000. ஆத்தங்குடிக் கல் பட்டறையோ புதுவயல் அரிசி ஆலையோ, நான் பார்க்கும் சம்பளப் பட்டியல்களில் பெரும்பாலோர் 2,000 கிடைக்கும் நடுப்படிதான். பி.எஃப். மிச்சம் பிடிக்க அடிப்படைச் சம்பளத்தை 9,500 என்று எழுதி மீதியை அலவன்ஸாகக் கொடுப்பவர்கள், கடைசிப் படிக்குப் போய்விடுவார்கள்.

சம்பளம் 14,000 என்று வைத்துப் போட்டுக் காட்டினேன். பி.எஃப். முதலாளி பங்கு 12% என்றால் 1,680. காப்பீடு, நிர்வாகக் கட்டணம் 140. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 3.25%, அது 455. மொத்தம் 2,275. வருவது 2,000.

"அப்ப மிச்சம் 275 நான்தான் போடணுமா?"

"சம்பளமும் நீங்கதான் ஆச்சி."

சிரித்துவிட்டு நாலை இரண்டாக்கினார். 50 பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இரண்டு பேராவது கூடுதலாகச் சேர வேண்டும். ஆறு மாதம் நிலைக்கவும் வேண்டும். தீபாவளி சீசனுக்கு வந்து போகிறவர்கள் இதில் சேர மாட்டார்கள். இரண்டு பேர் திருப்பூருக்குப் போய், அந்த இடத்துக்கு இரண்டு பேர் வந்தால் அது கூடுதலும் இல்லை. அந்த ஆறு மாதச் சம்பளத்துக்குக் கையில் காசு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன். ஆள் எப்படியும் தேவை என்பவருக்குத் திட்டம் நல்லது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலவில் பெரும்பகுதி திரும்பி வரும். மானியத்துக்காகவே புதிதாக பி.எஃப். பதிவு எடுக்க நினைக்கும் சிறு பட்டறைக்காரர்கள் யோசிக்கட்டும். மானியம் நின்ற பிறகும் பி.எஃப். நிற்காது.

முதன்முறை பி.எஃப்.பில் சேரும் தொழிலாளிக்கும் ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, இரண்டு தவணையாக உண்டு. ஆறு மாதம் முடிந்தால் முதல் தவணை. இதைச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள், ஆள் நிற்க அது உதவும். மத்திய அரசின் உமங் ஆப்பில் முகம் காட்டி, பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்ணான யூ.ஏ.என். எடுக்கும்போதே, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு சேரும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா கணக்கைக் கொடுப்பவர்கள் இன்னும் நிறைய.