ஹெரால்டுக்கு பவர் ஸ்டீயரிங் போடுவதற்கு முன்னால்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் கேட்பது, "ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, பவர் ஸ்டீயரிங் போட்டுடலாமா?" என்பதுதான். ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு கார் வைத்திருப்பவர் இதைக் கேட்டால் எனக்குக் கவலை வந்துவிடும். அந்தக் காரின் ஸ்டீயரிங் கனமாக இருக்க நியாயமே இல்லை.

ஹெரால்டு நம் வண்டலூரில் 1961 முதல் தயாரான கார். எடை 800 கிலோவுக்குப் பக்கம்தான். ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், அதாவது ஸ்டீயரிங் தண்டின் பல்சக்கரம் ரேக் என்ற பல் வெட்டிய கம்பியை இடம் வலம் நகர்த்தும். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இன்றைய சின்ன கார்களில் பலவற்றுக்கு இதைவிட இடம் வேண்டும். இப்படிப்பட்ட வண்டி திரும்ப மறுத்தால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். அதன் மேல் பவர் ஸ்டீயரிங் மோட்டாரைப் பூட்டினால் கோளாறு மறையும், போகாது.

நான் முதலில் பார்ப்பது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் முறுக்கி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது இபி 90 கியர் ஆயில். ஆனால் ஆயில் ஏற்றும் சின்ன மூக்கான நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவதுதான் பல இடங்களில் வழக்கம். கிரீஸ் நாளடைவில் இறுகிவிடும், மரையின் உள்ளே போய்ச் சேராது. மேல் சீல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, தண்டு மரை தொடங்கும் இடத்தில் துருப்பிடிக்கும். அப்புறம் ஒருநாள், பெரும்பாலும் பார்க்கிங்கில் முழுசாகத் திருப்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதே முறிவு பைபாஸில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் கனப்பதே அதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பவர் ஸ்டீயரிங் கேட்டு ஒரு அம்மா கொண்டுவந்த வண்டியில் ட்ரன்னியனைக் கழற்றியபோது கிரீஸ் கறுத்து மெழுகாகி இருந்தது. துடைத்துப் பார்த்தால் மரையின் முதல் இரண்டு சுற்றிலும் துரு குழி விழுந்திருந்தது. தண்டையும் ட்ரன்னியனையும் மாற்றி, மேலே கசியும் வரை ஆயில் ஏற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. அந்த அம்மா வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, மோட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சோதனையை நீங்களே செய்யலாம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் ட்ரன்னியன் அல்லது தண்டின் மேல்முனையில் உள்ள பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் ஆடினால் ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனையை (டை ராட் எண்ட்) பாருங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை அசைக்க, ரேக்கைக் கவனியுங்கள். ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்ட் என்ஜின் ஆயிலில் ஊறியிருந்தால் ரேக் முழுதாக இடம் வலம் நகரும். அலுமினிய மவுண்ட் போட்டால் துல்லியம் கூடும், ஆனால் நம் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் கைக்கு வரும். தினசரி ஓட்டத்துக்குப் புது ரப்பரே போதும் என்பது என் கருத்து.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மெண்ட். ரேக்கை நடுவில் நிறுத்தி, இரண்டு டை ராடுகளையும் ஒரே நீளத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். மேனுவலில் உள்ள டோ-இன் அளவு (முன்சக்கரங்களின் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பது) அந்தக் காலத்து கிராஸ்ப்ளை டயருக்கானது. இன்றைய ரேடியல் டயர் போட்டிருந்தால் அதைவிடக் குறைவாக வைக்க வேண்டும். ரேக்கை அழுத்திப் பிடிக்கும் ரேக் டாம்பரை இறுக்கி ஆட்டத்தைக் கொல்லப் பார்க்காதீர்கள். அப்படி இறுக்கினால் திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது.

டயர் 145 அல்லது 155 அகலம் போதும். அகல ரிம்மும் குட்டி ஸ்டீயரிங் வீலும் சேர்ந்தால் எந்த வண்டியும் கனக்கத்தான் செய்யும். வெளியே தள்ளி நிற்கும் ரிம் வீல் பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும்.

தோள்வலி, வயது என்று உண்மையாகவே பவர் ஸ்டீயரிங் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எலெக்ட்ரிக் வகை பொருந்தும். ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்டை வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டுகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். பல் வெட்டிய ஜாயிண்ட்தான் வேண்டும் என்று கேளுங்கள், முடியாது என்றால் வண்டியைத் திருப்பி எடுத்து வாருங்கள்.