கவர் பாடல் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கவர் பாடல்: ஒருவர் முன்பே பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் இசையமைப்பில் புதிதாகப் பதிவு செய்து வெளியிடுவது. கவர் வெர்ஷன் என்றும், வெறுமனே கவர் என்றும் சொல்வார்கள். தமிழில்: மீள்பாடல். இத்தகைய பாட்டுகளால் ஆன ஆல்பம், மீள்பாடல் தொகுப்பு.

'கவர்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முழுதாக மூடுவது என்று பொருள். அது பாட்டோடு ஒட்டிக்கொண்டது 1940களிலும் 50களிலும், அமெரிக்க இசைத்தட்டு வியாபாரத்தில். போட்டி நிறுவனத்தின் தட்டு ஒன்று நன்றாக விற்கும் என்று தெரிந்தால், அதே பாட்டைத் தங்கள் பாடகரை வைத்து அவசரமாகப் பதிவு செய்து கடைக்கு அனுப்புவார்கள். அந்தச் செயலுக்கு வியாபாரிகள் வைத்த குழூஉக்குறிதான் கவர். 1952இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் இதே பொருளைத்தான் வாசகர்களுக்கு விளக்கியது. 'மூடுதல்' எப்படி இங்கே வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சந்தையில் தன் பங்கு நழுவாமல் காப்புச் செய்துகொள்வது ஒன்று. இன்ஷூரன்ஸ் கவர் என்கிறோமே, அந்தப் பொருள். முந்தைய தட்டைப் புதுத்தட்டு மறைத்துவிடுவது மற்றொன்று. முதல் விளக்கமே வியாபாரப் பேச்சுக்குப் பொருந்துகிறது.

மறைத்தலும் நடக்காமல் இல்லை. 1954இல் தி கார்ட்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடிய 'ஷ்பூம்' பாட்டை தி க்ரூ கட்ஸ் என்ற வெள்ளையர் குழு உடனே பாடி முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யை வெள்ளையரான பாட் பூன் பாடியபோதும் பொது விற்பனைப் பட்டியலில் பூனின் தட்டே மேலே நின்றது. வானொலி நிலையங்களும் கடைகளும் நிறத்தால் பிரிந்து கிடந்த காலம் அது. இந்தக் கசப்பு இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது. 1960களில் பீட்டில்ஸ், பாப் டிலன் வழியாகத் 'தானே எழுதித் தானே பாடுபவரே கலைஞர்' என்ற எண்ணம் வலுத்தது. அதன் பிறகுதான் பிறர் பாட்டைப் பாடும் எதுவும் கவர் ஆனது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்த கன்ட்ரி இசையில் இந்தச் சொல் சரியாகப் பொருந்துவதில்லை. அந்த இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். பாட்டைச் சுமந்துகொண்டு பாடகர்களைத் தேடிப் போவதற்கென்றே இசைப் பதிப்பகங்களில் ஆட்கள் உண்டு. கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய 'சண்டே மார்னின் கமின் டவுன்' பாட்டை முதலில் 1969இல் ரே ஸ்டீவன்ஸ் பதிவு செய்தார். மறு ஆண்டு புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடியதுதான் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. இலக்கணப்படி கேஷ் பாடியது கவர். நாஷ்வில்லில் அதை அப்படி யாரும் சொல்வதில்லை.

கன்ட்ரி இசையைத் தமிழில் 'நாட்டுப்புற இசை' என்று எழுதுவது தவறு. நாட்டுப்புற இசை என்பது எழுதியவர் பெயர் தெரியாத, வாய்வழி வந்த மரபு. கன்ட்ரி அதிலிருந்து முளைத்தாலும் தட்டுக்காகவே வளர்ந்த தொழில்முறை இசை. 1927இல் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய பதிவுகளில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் பாடினார்கள். கன்ட்ரியின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். அந்தக் குடும்பத்து மேபெல் கார்ட்டரின் மகள் ஜூன், கேஷின் மனைவி. 'கன்ட்ரி' என்றே தமிழ் எழுத்தில் எழுதுவது குழப்பம் தராது.

இனி, மீள்பாடல் என்ற சொல்லை உரசிப் பார்க்க மிக நல்ல இடம் கேஷின் 'அமெரிக்கன் ஃபோர்: தி மேன் கம்ஸ் அரவுண்ட்' தொகுப்பு. அது 2002 நவம்பரில் வந்தபோது அவருக்கு வயது 70. நீரிழிவு, நரம்புக் கோளாறு, திரும்பத் திரும்ப வந்த நிமோனியா எல்லாம் சேர்ந்து மூச்சைக் குறைத்திருந்தன. 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ். அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசித் தொகுப்பு இது.

இதைப் பொத்தாம்பொதுவாக 'கவர் ஆல்பம்' என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் 15 பாட்டுகளையும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயர் எங்கெல்லாம் இடிக்கிறது என்று தெரியும். தலைப்புப் பாட்டு கேஷ் புதிதாக எழுதியது. 'கிவ் மை லவ் டு ரோஸ்' அவரே 1950களில் பாடியது. 'டியர் ஸ்டெய்ன்ட் லெட்டர்' அவருடைய 1970களின் பாட்டு. தன் பாட்டைத் தானே மறுபடி பாடுவது கவர் ஆகாது, அதற்கு மறுபதிவு என்று பெயர். 'சாம் ஹால்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ' இரண்டும் பழைய கதைப்பாடல்கள். இவற்றுக்கு முதல் பாடகர் என்று எவரையும் காட்ட முடியாது. ஆகவே இவை மரபுப்பாடல்கள். 'டேனி பாய்' எல்லைக்கோட்டில் நிற்கிறது: மெட்டு அயர்லாந்தின் மரபு, சொற்கள் ஃப்ரெடரிக் வெதர்லி எழுதி 1913இல் வெளியானவை. மிச்சமுள்ள ஒன்பதே உறுதியாக மீள்பாடல்கள்.

அந்த ஒன்பதிலும் 'மூலம் எது' என்ற கேள்வியில் பலர் வழுக்குகிறார்கள். 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' பாட்டைப் பாடகி ராபர்ட்டா ஃப்ளாக்கினுடையது என்று எழுதுவது வழக்கம். 1972இல் அவர் பாடியது அமெரிக்காவில் முதலிடம் பெற்றதுதான் காரணம். எழுதியவர் யூவன் மக்கால். பாடகி பெகி சீகர் பாடுவதற்காக 1957இல் எழுதினார். ஃப்ளாக் பாடியதே மீள்பாடல்தான். புகழ்பெற்ற பதிவு வேறு, முதல் பதிவு வேறு. இதைச் சரிபார்க்க எளிய வழி, தட்டின் உறையில் பாட்டின் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் எழுதியவர் பெயரைப் பார்த்து அங்கிருந்து பின்னோக்கித் தேடுவதுதான். பாடகர் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்போம்.

நல்ல மீள்பாடலில் என்ன மாறுகிறது என்பதை 'ஹர்ட்' காட்டும். நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் இருபதுகளின் இறுதியில் எழுதி 1994இல் வெளியிட்டது. மூலத்தின் கிட்டார் வரிசையில் காதை உறுத்தும் ஒரு சுரச்சேர்க்கை திரும்பத் திரும்ப வரும். நம் கர்நாடக இசைக் கணக்கில் ஷட்ஜத்துக்கும் பிரதிமத்தியமத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. குரல் கிசுகிசுப்பாக இருக்கும், பின்னால் இரைச்சல் ஓடும், முடிவில் இரைச்சலே பாட்டை விழுங்கும். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளம். கேஷின் பதிவு மூன்றரை நிமிடம் சொச்சம். அந்த உறுத்தும் இடைவெளி எடுக்கப்பட்டு ஏ மைனர், சி, டி என்ற எளிய சுரக்கூட்டுகள் வந்தன. பல்லவியில் பியானோ ஒரே சுரத்தை இடைவிடாமல் அடித்து ஏறும். ஆபாசமான ஒரு சொல் இருந்த இடத்தில் கேஷ் 'முள்' என்று பாடினார். இழிவின் கிரீடம், இயேசுவுக்குச் சூட்டிய முள்முடி ஆனது. ஒரே ஒரு சொல், ஆனால் பாட்டு முழுவதும் கிறிஸ்தவ விசுவாசி ஒருவரின் கணக்குத் தீர்ப்பாக மாறிவிடுகிறது. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் இளைஞனின் பாட்டு, அழிந்தது போக மிச்சமிருப்பதைப் பார்க்கும் கிழவரின் பாட்டாகிறது. பாட்டு இனி தன்னுடையதல்ல என்ற பொருள்பட ரெஸ்னரே பிறகு சொன்னார்.

பாடகர் ஸ்டிங் எழுதிய 'ஐ ஹங் மை ஹெட்' மூலத்தில் ஒன்பது எண்ணிக்கையில் நடக்கும். கேஷ் அதை நேரான நான்கு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார். தாளத்தின் சாமர்த்தியம் போய், தற்செயலாக ஒருவனைச் சுட்டுக் கொன்றவனின் வாக்குமூலம் மட்டும் நிற்கிறது. பீட்டில்ஸின் 'இன் மை லைஃப்' இன்னும் எளிய சான்று. ஜான் லெனன் அதை 25 வயதில் பாடினார். இறந்துபோன நண்பர்களைப் பற்றிய அதே வரியை 70 வயதுக்காரர் பாடும்போது ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

வயதான பாடகர்களின் இத்தகைய தொகுப்புகள் பல தோற்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த வெற்றிப்பாட்டுகளாகப் பொறுக்குவது ஒன்று. பாடகருக்கும் பாட்டுக்கும் தொடர்பே இருக்காது. பழைய சுருதியிலேயே பாட வைப்பது இரண்டாவது. வயதில் குரலின் மேல்பகுதி சுருங்கும், மூச்சு நீண்ட அடிகளைத் தாங்காது. சுருதியையும் வேகத்தையும் இறக்கி, அடிகளை நறுக்கி, பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது, தளர்ந்த குரலை வயலின் கூட்டத்தாலும் எதிரொலியாலும் மூடுவது. கேஷின் 'அமெரிக்கன்' வரிசையைத் தயாரித்த ரிக் ரூபின் இதற்கு நேர் எதிராகப் போனார். ஹிப்ஹாப், மெட்டல் இசைகளில் பெயர் எடுத்திருந்த அவர் 1994இல் வந்த முதல் 'அமெரிக்கன்' தொகுப்பைக் கேஷின் குரலும் ஒற்றைக் கிட்டாருமாகவே பதிவு செய்தார். பெரும்பகுதி ரூபின் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. நான்காம் தொகுப்பிலும் மைக் வாய்க்கு மிக அருகில். பிசிறும் மூச்சிரைப்பும் அப்படியே கேட்கும். இங்கே எதுவும் மூடப்படவில்லை. 'கவர்' என்ற சொல் இந்தத் தொகுப்புக்கு ஒவ்வாததற்கு இதுவே முதல் காரணம்.

சட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் 1909 முதலே, ஒருமுறை வெளியான பாட்டைப் பிறர் பதிவு செய்ய உரிமையாளர் மறுக்க முடியாது. நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். அன்று பிரதிக்கு 2 சென்ட், 2024இல் 12.4 சென்ட். பணம் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் போகும், முதலில் பாடியவருக்குப் போகாது. இந்தியாவில் இதற்கான விதி பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, 2012 திருத்தத்தில் வந்தது. முதல் பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிய வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். முந்தைய பாடகரின் பெயரோ படமோ உறையில் இருக்கக்கூடாது, கவர் வெர்ஷன் என்ற அறிவிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இந்த உரிமங்கள் ஒலிக்கு மட்டுமே. காட்சியோடு சேர்த்து வெளியிட உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். வீட்டில் பாடிக் காணொளியாக ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழில் 'கவர் பாடல்' என்று அப்படியே எழுதுவதில் ஓர் இடறல் உண்டு. கவர் நம் பழைய வினைச்சொல். 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்பது குறள். 'கவர் பாடல்' என்று கண்டவுடன் வினைத்தொகையாகப் படித்து, 'கவர்கின்ற பாடல்' என்று ஒருவர் பொருள் கொண்டால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது. 'உறைப்பாடல்' என்ற நேர்பெயர்ப்பு இதைவிட மோசம். கடித உறைதான் நினைவுக்கு வரும். 'நகல்' என்பது அவமதிப்பு. 'ரீமிக்ஸ்' பழைய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டுவது. 'ரீரெக்கார்டிங்' தமிழ்த் திரையுலகில் பின்னணி இசைச்சேர்ப்பைக் குறிக்கிறது. பழைய மெட்டுக்குப் புதுச் சொற்கள் எழுதும்போது அந்த மெட்டைக் குறிப்பது வர்ணமெட்டு. இவை எதுவும் கவருக்கு நிகராகாது.

கர்நாடக இசையிலிருந்து 'பாடாந்தரம்' என்ற சொல்லை எடுக்கலாமா? தியாகராஜரின் ஒரு கீர்த்தனையை நூறு பேர் பாடினாலும் நூறும் கவர் அல்ல. குரு வழியாக வந்த பாடமுறையையே பாடாந்தரம் என்கிறோம். அழகான சொல்தான், ஆனால் பரம்பரையைக் குறிப்பது. ரெஸ்னருக்கும் கேஷுக்கும் நடுவே குருசிஷ்ய உறவு எதுவும் இல்லை.

மீள்பாடல் பொருந்துகிறது. 'மீள்' திரும்பி வருவது, 'மீட்டல்' திரும்பப் பெறுவது, யாழையும் வீணையையும் மீட்டுகிறோம். இலங்கைத் தமிழில் மீள்குடியேற்றம், மீள்பதிப்பு என்று இந்த முன்னொட்டு அன்றாடம் புழங்குகிறது. தமிழ்நாட்டில் 'மறு' அதிகம் என்றாலும், தன் பாட்டைத் தானே பாடும் மறுபதிவுக்கு அதை விட்டுவைப்பது நல்லது.

வினையாக எழுதும்போது மீளப் பாடினார் என்று பிரித்து எழுதலாம். குறிப்பு எழுதுகையில் மூவரையும் தனித்தனியே சொல்ல வேண்டும். எழுதியவர் ட்ரென்ட் ரெஸ்னர், முதலில் பாடியது நைன் இன்ச் நெய்ல்ஸ் 1994, மீளப் பாடியவர் ஜானி கேஷ் 2002. எழுதியவரும் முதலில் பாடியவரும் ஒருவரே என்றாலும் இரண்டு இடத்திலும் பெயர் போட வேண்டும். முதல் பதிவு எது என்று உறுதியாகாத பாட்டுக்கு அந்த இடத்தில் 'மரபு' என்று போடுங்கள். மிகப் புகழ்பெற்ற பாடகரின் பெயரை அங்கே இட்டு நிரப்பாதீர்கள்.