உங்கள் நாய்க்குக் குடல்வால் கிடையாது

"வயிற்றைத் தொட்டாலே கத்துறான், சாப்பிட்டதெல்லாம் வாந்தி, அப்பெண்டிக்ஸா இருக்குமோ டாக்டர்?" நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. இருக்காது. நாய்க்கும் பூனைக்கும் அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வாலே கிடையாது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் சீக்கம் என்று ஒரு பை உண்டு, அதன் ஓரத்தில் புழு போலத் தொங்குவதுதான் நம் குடல்வால். நாய்க்குச் சீக்கம் சுருண்ட சின்னத் துண்டு, பூனைக்கு அதைவிடச் சின்னது, அவ்வளவுதான். குதிரைக்கு அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், சுமார் 30 லிட்டர் பிடிக்கும், தின்ற புல் அங்கேயும் அதை அடுத்த பெருங்குடலிலும்தான் நொதிக்கிறது, ஆனாலும் குடல்வால் இல்லை. மாடு, ஆட்டுக்கும் இல்லை. சிம்பன்சி, கொரில்லாவுக்கு உண்டு, பெரும்பாலான குரங்குகளுக்குக் கிடையாது.

சீக்கம் சுருங்கியதால் மிஞ்சிய எச்சம்தான் குடல்வால் என்று 1871இல் டார்வின் எழுதினார். அப்படியென்றால் முயலை என்ன செய்வது? வயிற்றில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் சீக்கமும் அதற்கு உண்டு, அதன் நுனியில் நோய் எதிர்ப்புத் திசு நிறைந்த நல்ல நீளமான குடல்வாலும் உண்டு. 533 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு, இந்த உறுப்பு தனித்தனியாகக் குறைந்தது 29 தடவை தோன்றியிருக்கிறது, தோன்றிய பிறகு மறைந்தது அபூர்வம் என்கிறது. வேண்டாத உறுப்புக்கு இத்தனை பிறவி எதற்கு?

சரி, உங்கள் நாய்க்கு வருவோம். மாங்கொட்டை, சோளக்கதிர்த் தண்டு, பந்துத் துண்டு எதையாவது விழுங்கிக் குடல் அடைத்திருக்கலாம், குட்டியென்றால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்குள் வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், உயிரே போய்விடும்.

முயல் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காலையிலிருந்து தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அதன் குடல் ஓட்டம் நின்றால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும், அன்றைக்கே கொண்டு வாருங்கள்.