அமெரிக்காவில் ஓட்டுப் போடப் போகும் தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், நர்ஸ். கிரீன் கார்டு கைக்கு வந்த மறுவருஷம் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனார். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே போனார்: முகவரி, உயரம், கண் நிறம், உறுப்பு தானம், வாக்காளர் பதிவு. அக்கா எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சில வருஷம் கழித்து குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்ப உட்கார்ந்தபோது அதில் ஒரு கேள்வி: எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? அவர் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் 'நான் அமெரிக்கக் குடிமகள்' என்ற வாசகத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து வக்கீல் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார்.

லைசென்ஸ் ஆபீஸிலேயே வாக்காளராகப் பதிய வழி செய்தது 1993ஆம் வருஷச் சட்டம். சிட்டிசன்களுக்கு நல்ல வசதிதான். ஆனால் கவுண்டரில் இருப்பவர் உங்கள் விசா நிலையை விசாரித்துவிட்டுத்தான் கேட்பார் என்று நம்பாதீர்கள். கிரீன் கார்டு, ஹெச்-1பி, மாணவர் விசா, எதுவானாலும் பதில் 'நோ'. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் குடியேற்றச் சட்டத்தில் அதற்கு ஏறக்குறைய மன்னிப்பே கிடையாது. நாடு கடத்தல் வரை போகும். தெரியாமல் பதிவாகி வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால், பதறிப்போய் நீங்களாகக் கடிதம் எழுதி ரத்து செய்யாதீர்கள். முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

சரி, சிட்டிசன் ஆகிவிட்டீர்கள். உறுதிமொழி எடுத்த அன்றே பெயர் பட்டியலில் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. வீடு தேடி வந்து பெயர் எழுதிக்கொள்ள இங்கே யாரும் வர மாட்டார்கள். பதிவது உங்கள் வேலை, அதுவும் கெடுவுக்குள். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடித்திருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் 15 நாள். கடைசி வாரத்தில் போன் செய்தால் லைசென்ஸ் ஆபீஸ் 'கவுண்டியைக் கேளுங்கள்' (மாவட்டம் மாதிரியான அமைப்பு, அதன் தேர்தல் ஆபீஸ்) என்னும், கவுண்டி 'அவர்கள் எங்களுக்கு அனுப்பவே இல்லையே' என்னும். அந்த ஓட்டத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு பதியுங்கள். இரண்டு வாரம் கழித்து மாநிலத் தேர்தல் இணையதளத்தில் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். நம் பெயர்கள் இனிஷியல், அப்பா பெயர், நடுவில் இடைவெளி என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், குடியுரிமைச் சான்றிதழோடு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்கும் லைசென்ஸ் ஆபீஸுக்கும் போய்ப் பழைய பதிவை மாற்றுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. 2019 ஜனவரியில் டெக்சாஸ் அரசு, சுமார் 95,000 வாக்காளர்கள் குடிமக்களாக இல்லாமல் இருக்கலாம் என்று அறிவித்தது. ஒப்பிட்டது பழைய லைசென்ஸ் விவரங்களை. லைசென்ஸ் எடுத்தபோது கிரீன் கார்டு வைத்திருந்து, பிறகு முறையாகச் சிட்டிசன் ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சிக்கினார்கள். வழக்கு வந்து ஏப்ரலில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். தப்பு அரசுடையது, நிரூபிக்கும் பாடு மட்டும் நம்முடையது.

இனி கட்சி விஷயம். ஒரு தொகுதிக்கு ஒரு இடம், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்பதால் ஆட்டம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டுக்குள்தான். பல தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்த கதை. அங்கே நிஜமான போட்டி நவம்பரில் இல்லை. அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் பிரைமரியில். நம் ஆட்கள் நடுநிலையாக இருப்போமே என்று 'கட்சி சாராதவர்' கட்டத்தை டிக் செய்துவிடுகிறார்கள். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடாவில் அப்படிச் செய்தால் கட்சிப் பிரைமரியில் ஓட்டுக் கிடையாது. நியூயார்க்கில் ஏற்கெனவே பதிந்தவர் ஜூன் பிரைமரிக்காகக் கட்சி மாற்ற வேண்டுமென்றால் பிப்ரவரி 14க்குள் மாற்றியாக வேண்டும். ஜூனில் பூத்துக்குப் போய் வாதாடிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் இன்னொரு பள்ளம்: 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' என்பது ஒரு கட்சியின் பெயர். சுயேச்சை என்று நினைத்து அதை டிக் செய்து, அதிபர் பிரைமரியில் ஏமாந்தவர்கள் ஏராளம். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சொல்லும் கட்டம்தான் நீங்கள் தேடுவது. கட்சியைக் குறித்தால் சந்தா கட்ட வேண்டியதில்லை, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். பயப்படாமல் குறியுங்கள்.

தபால் ஓட்டில் கவரைக் கவனியுங்கள். பென்சில்வேனியாவில் உள் கவருக்குள் போடாமல் அனுப்பினால் ஓட்டு செல்லாது. டெக்சாஸில் 2021 சட்டப்படி கவரில் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு எண்ணோ எழுத வேண்டும், அது பதிவோடு பொருந்தவும் வேண்டும். 2022 மார்ச் பிரைமரியில் 24,000க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகளைத் தள்ளினார்கள். கையெழுத்தை ஒப்பிடும் மாநிலங்களில், லைசென்ஸில் தமிழில் போட்டுவிட்டுக் கவரில் ஆங்கிலத்தில் போட்டால் நிராகரிக்க அதுவே போதும்.

பூத்தில் 'உங்கள் பெயர் இல்லை' என்றால் திரும்பி வராதீர்கள். முதலில் 'இது என் பூத்துதானா?' என்று கேளுங்கள், ஏனென்றால் தப்பான பூத்தில் போட்ட ஓட்டைப் பல மாநிலங்கள் எண்ணாது. சரியான பூத் என்றால் 'ப்ரொவிஷனல் பேலட்' (உங்கள் தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணும் தற்காலிக ஓட்டுச்சீட்டு) என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். 2002ஆம் வருஷச் சட்டம் தந்த உரிமை அது. ஓட்டு எண்ணப்பட்டதா என்று தெரிந்துகொள்ளும் விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் உங்களை அனுப்ப முடியாது.

சிட்டிசன் ஆன அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராதா? கூட்டிக்கொண்டு போங்கள். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, அவர்கள் விரும்பும் ஒருவர் உள்ளே கூடவே நின்று படித்துக் காட்டலாம். அவர்களுக்கு வேலை கொடுப்பவரோ அவருடைய ஆளோ, அவர்கள் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கத்தின் ஆளோ மட்டும் கூடாது. போன தேர்தலில் நான் ஒரு பாட்டியோடு போனபோது, மேஜையில் இருந்தவர் 'குடும்பத்தார் வெளியே நிற்கணும்' என்றார். பிரிவை அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். அவர் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள்.